வருஷம் ஒண்ணு... வலை பன்னிரண்டு!

கடைசியா எப்ப ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்க?

செமஸ்டர் கைடைக் கணக்குல சேர்க்கக் கூடாது. போட்டித் தேர்வுப் புத்தகமும் ஆட்டத்துல இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி சீனியர்கிட்ட கெஞ்சி வாங்கின ஜெராக்ஸ் நோட்ஸ்... அதைப் பத்திப் பேசவே வேணாம் பாஸ்!

யோசிக்கிறீங்கல்ல? பரவாயில்லை. உங்க பெஞ்சுல இருக்கிற மத்தவங்களும் அதே யோசனையிலதான் இருப்பாங்க. இந்த வாரம் நாம பேசப்போறது ஒரு பந்தயத்தைப் பத்தி. எதிரி கிடையாது, கோப்பை கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு வருஷத்துல இத்தனை புத்தகம்னு உங்களுக்கு நீங்களே சவால் விட்டுப் படிச்சு முடிக்கணும். அவ்வளவுதான்.

‘அட, இது தெரிஞ்ச விஷயம்தானே! ஜனவரி ஒண்ணாம் தேதி ஆனா போதும், அம்பது புத்தகம், நூறு புத்தகம்னு சபதம் போடுவாங்க. பொங்கல் லீவு முடியறதுக்குள்ள சபதமும் முடிஞ்சிடும்’னு நீங்க சிரிக்கலாம். சிரிங்க, நியாயம்தான். எண்ணிக்கையை மட்டும் வெச்சு ஆரம்பிக்கிற சபதத்துக்கு அந்தக் கதிதான். நூறு முடிக்கணும்னா என்ன பண்ணுவோம்? ஒல்லியான புத்தகமாப் பொறுக்குவோம். ஏற்கெனவே பிடிச்ச எழுத்தாளரையே திரும்பத் திரும்ப எடுப்போம். ‘ஏழு நாளில் வெற்றி’, ‘பத்து நாளில் பணக்காரன்’ வகையறா நாலு வாங்கி வரிசையா டிக் அடிப்போம். வருஷக் கடைசியில எண்ணிக்கை ஏறியிருக்கும். தலை போன வருஷம் நின்ன அதே இடத்துல நிக்கும்.

தமிழ்ல இன்னொரு வகைச் சவாலும் நடந்திருக்கு. எழுத்தாளர் சுனில் கிருஷ்ணன் முன்னெடுத்த ஆயிரம் மணி நேர வாசிப்பு. புத்தகத்தை எண்ணாம நேரத்தை எண்ணுறது. ஆயிரத்தை 365-ஆல வகுத்துப் பாருங்க... தினமும் கிட்டத்தட்ட 2 மணி 44 நிமிஷம்! ஒல்லிப் புத்தகத் தில்லுமுல்லு இதுல பலிக்காது. ஆனா முதல் வருஷமே நமக்கு இது கொஞ்சம் ஓவர்.

நமக்குத் தோதானது மூணாவது வகை. எத்தனை படிக்கிறோம்கிறதை விட என்னென்ன வகை படிக்கிறோம்னு முன்னாடியே கட்டம் போட்டுக்கிறது. அமெரிக்காவுல ‘புக் ரயட்’னு ஒரு குழு 2015-ல ‘ரீட் ஹார்டர்’னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வருஷத்துக்கு 24 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிபந்தனை. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறது நீங்க, திசையைத் தேர்ந்தெடுக்கிறது கட்டம். நீங்களா போகாத பக்கம் அது உங்களை இழுத்துட்டுப் போகும். விஷயமே அதுலதான் இருக்கு.

லண்டனில் ஒரு அலமாரி

இந்த ஆட்டத்தை உச்சத்துக்குக் கொண்டு போனவர் ஆன் மோர்கன். லண்டன்காரர், எழுத்தாளர். ஒருநாள் தன் வீட்டு அலமாரியைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. இருந்த புத்தகமெல்லாம் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்க எழுத்தாளர்களோடது. வெளிமொழியிலிருந்து வந்தது ரொம்பக் கொஞ்சம். ‘படிச்ச பொண்ணு’னு நினைச்சுட்டிருந்தவருக்கு உலகத்துல பாதி தெரியலை!

2012-ல ஒரு வருஷம் முழுக்க, நாட்டுக்கு ஒரு புத்தகம்னு படிக்கறதுன்னு முடிவு பண்ணார். 196 நாடு, அதோட வாசகர்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்த ஒரு பகுதி. மொத்தம் 197. சராசரியா ரெண்டு நாளுக்கு ஒண்ணுக்கும் மேல. வேலைக்கும் போய்க்கிட்டுதான் படிச்சார். ஊர் பேர் தெரியாதவங்க எல்லாம் புத்தகம் அனுப்பி உதவினாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் வேற. ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைக்கு அப்பால் சாவோ டோமே - பிரின்சிபினு ஒரு குட்டித் தீவு நாடு. போர்ச்சுக்கீசிய மொழி பேசற நாடு. அந்த நாட்டு எழுத்தாளரோட ஒரு புத்தகம்கூட ஆங்கிலத்துல அவருக்குக் கிடைக்கலை. கட்டம் காலி. என்ன பண்ணார் தெரியுமா? உதவி கேட்டார். ஒன்பது பேர் முன்வந்தாங்க. ஒலிண்டா பெஜாங்கிற எழுத்தாளரோட ஒரு கதைத் தொகுப்பை ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சு, சம்பளம் இல்லாம மொழிபெயர்த்துக் கொடுத்தாங்க. இல்லாத புத்தகத்தை அந்தக் காலிக் கட்டம் உருவாக்க வெச்சிடுச்சு.

இதை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசிக் கட்டத்துல நமக்குத் தேவைப்படும்.

நம்ம ஊருக்கு வாங்க

லண்டன் கதையைச் சொன்னா, ‘அவங்களுக்கென்ன சார், காசு இருக்கு, கடை இருக்கு’ம்பீங்க. அதனால பட்டியலை ஒரு கடலோர ஊருக்குன்னே போடுவோம். காரைக்கால்மேடு. வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம், நடுவுல புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். அதோட கடலோரத்துல இருக்கிற மீனவர் ஊர். அங்கேயிருந்து காலேஜுக்குப் போற ஒருத்தரை மனசுல வெச்சு எழுதறேன். வேற ஊர்க்காரங்க அந்த இடத்துல உங்க ஊர் பேரைப் போட்டுக்குங்க.

வீட்டுலயே முதல்முதலா காலேஜ் வாசப்படி மிதிச்சது நீங்கதான்னா, ‘புத்தகம்’னாலே ஒரு அர்த்தம்தான் வீட்டுல. பாஸ் பண்றதுக்கான பொருள். கதைப் புத்தகத்தோட உட்கார்ந்தா, ‘படிக்கிற நேரத்துல என்ன பொழுதுபோக்கு?’னு கேள்வி வரும். சொல்றவங்க மேல தப்பு இல்லை. அப்பா கடலுக்குப் போய், அம்மா மீன் வித்து ஃபீஸ் கட்டற வீட்டுல ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. மூணு வருஷம் சிலபஸை மட்டும் படிச்சுட்டு வெளிய வந்தா, அதுக்கப்புறம் படிக்கற பழக்கம் திரும்பி வர்றது கஷ்டம். டிகிரி இருக்கும், ஒரு அரசாணையை முழுசா வாசிச்சுப் புரிஞ்சுக்கற பொறுமை இருக்காது. நஷ்டஈட்டு மனுவைப் படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடற ஊரா இருக்கணுமா, இல்லையாங்கிற கேள்வி இதுல ஒளிஞ்சிருக்கு.

‘மீன் பிடிக்கிற ஊருக்கும் புத்தகத்துக்கும் என்னங்க சம்பந்தம்?’னு யாராவது கிண்டல் பண்ணா இதைச் சொல்லுங்க. தமிழ்ல அச்சான முதல் புத்தகங்கள்ல ஒண்ணு ‘தம்பிரான் வணக்கம்’. 1578-ல கொல்லத்துல அச்சானது. பதினாறே பக்கம். அண்டிரிக் அடிகளார் கொண்டுவந்தது. யாருக்காக? முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக. அச்சு வேலைக்குப் பணம் கொடுத்ததுலயும் அவங்களுக்குப் பங்கு இருக்கு. அச்சடிச்ச தமிழ்ப் புத்தகத்தோட ஆரம்பகால வாசகர்கள் கடற்கரை ஜனங்கதான்! இன்னும் பக்கத்துல வரணும்னா, காரைக்காலுக்கு வடக்கே கொஞ்ச தூரத்துல தரங்கம்பாடி. சீகன்பால்க் அங்கேதான் தமிழ் அச்சுக்கூடம் வெச்சு, 1714-15 வாக்குல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சார்.

இன்னொருத்தரையும் சொல்லியே ஆகணும். எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தைனு லைப்ரரி சுவத்துல போட்டோ பார்த்திருப்பீங்க. அந்த ‘எஸ்’ சீர்காழி! 1892-ல பிறந்தவர், கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல அவர் எழுதின ஐந்து விதிகளைத்தான் இன்னிக்கும் உலகம் பூரா நூலகத் துறைல படிக்கிறாங்க. அதுல ரெண்டு நம்ம பந்தயத்துக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் காத்திருக்கு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கார்ங்கிறதுதான் சாரம். அதே 1931-ல மன்னார்குடி பக்கம் கனகசபைப் பிள்ளைங்கிற இன்ஜினீயர் ஒரு மாட்டு வண்டியில புத்தகங்களை ஏத்தி ஊர் ஊரா அனுப்பினார். அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கி வெச்சவரே ரங்கநாதன்தான். டெல்டா கிராமத்துல, கரடுமுரடான பாதையில, புத்தகம் ஆளைத் தேடிப் போயிருக்கு. நாம லைப்ரரி வரைக்கும் நடக்க மாட்டோமா?

கட்டம் போடுவோமா?

மாசத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு 12. சராசரி 250 பக்கம்னு வெச்சா மொத்தம் 3,000 பக்கம். 365-ஆல வகுத்தா தினமும் எட்டுப் பக்கம் சொச்சம். பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா முடியற வேலை.

வருஷத்தை ஜனவரியில ஆரம்பிக்க வேணாம். கடற்கரையோட காலண்டர் வேற. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், கிழக்குக் கரையில விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில, வலை முத்தத்துல, அப்பா வீட்டுல. உங்களுக்கும் பரீட்சை முடிஞ்சு லீவு தொடங்கற நேரம். கையில காசு புரளாத காலம்கிறதும் உண்மை. அதனால இந்தப் பந்தயத்துல ஒரு புத்தகம்கூட காசு கொடுத்து வாங்கணும்னு கட்டாயம் இல்லை.

தடைக்காலத்துக்குத் தடி புத்தகம். கடல் பத்தினதா இருக்கட்டும். ஜோ டி குருஸ் எழுதின ‘கொற்கை’ ஆயிரம் பக்கத்துக்கும் மேல. 2013-ல சாகித்ய அகாதமி விருது வாங்கினது. 61 நாள்ல முடிக்கத் தினம் பதினெட்டுப் பக்கம் போதும். மலைப்பா இருந்தா அவரோட முதல் நாவல் ‘ஆழி சூழ் உலகு’ எடுங்க. உவரியில பிறந்து வளர்ந்தவர் எழுதினது. தெக்கத்திக் கடலோரப் பேச்சு. உங்க ஊர்ல காத்துக்கும் அலைக்கும் மீனுக்கும் சொல்ற பேரும் அவர் சொல்ற பேரும் எங்கே ஒத்துப்போகுது, எங்கே பிரியுதுனு பென்சிலால குறிச்சுக்கிட்டே படிக்கலாம் (லைப்ரரி புத்தகத்துல இல்லீங்க, தனி நோட்டுல!). வலை பின்னிக்கிட்டிருக்கிற அப்பாகிட்ட சந்தேகம் கேளுங்க. சிலபஸ்ல இல்லாத பாடத்துக்கு அவர்தான் புரொபசர்.

கடல் கட்டத்துக்குப் பக்கத்துலயே ‘சண்டை போடற புத்தகம்’னு ஒரு கட்டம். தகழி சிவசங்கரப் பிள்ளையோட ‘செம்மீன்’. மலையாளத்துல 1956-ல வந்தது, தமிழ்ல சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். கரையில இருக்கிற மனைவி ஒழுக்கமா இருந்தாத்தான் கடல்ல இருக்கிற புருஷன் பத்திரமா திரும்புவான்கிற நம்பிக்கையைச் சுத்திப் பின்னின கதை. ஊரே கொண்டாடின நாவல். ஆனா மீனவ வீட்டுப் பொண்ணு ஒருத்தி இதைப் படிச்சா என்ன சொல்வா? ‘எங்க ஊர்ல அப்படியா நினைக்கிறாங்க?’னு அவ கேட்டா, அந்தக் கேள்வியை எந்த விமர்சகரை விடவும் அவதான் உரிமையோட கேட்க முடியும். பிடிச்சதை மட்டும் படிக்கிற ஆளுக்கு இந்த வாய்ப்பே வராது.

அடுத்தது ‘அக்கரை’ கட்டம். இலங்கைத் தமிழ் எழுத்தாளர் ஒருத்தர். செங்கை ஆழியானோட ‘வாடைக்காற்று’வைத் தேடிப் பிடிங்க. 1973-ல வந்த நாவல், 1978-ல சினிமாவாவும் வந்தது. கதை நடக்கிற இடம் நெடுந்தீவு. ஆமாம், செய்தியில அடிக்கடி கேக்கறோமே, அதே நெடுந்தீவுதான். 2025 ஜனவரியில காரைக்கால் படகு மேல இலங்கைக் கடற்படை சுட்டு மீனவர்கள் காயம்பட்டது அந்தத் தீவுக்குப் பக்கத்துலதான். நமக்கு நெடுந்தீவுனா கைது, சிறை, படகு பறிமுதல். இந்த நாவல்ல அங்கேயும் வாடைக்காத்தை எதிர்பார்த்து வலையோட வந்து வாடி போடற தமிழ் மீனவர்கள் இருக்காங்க. காதல் இருக்கு, சம்மாட்டி இருக்கார், சண்டை இருக்கு. அந்தக் கரையிலயும் நம்மளை மாதிரிதான் ஆளுங்கனு சொல்லிக் கேக்கறது வேற, 150 பக்கம் அவங்களோட வாழ்ந்துட்டு வர்றது வேற.

ஊர்ப் பொண்ணு எழுதின புத்தகம்

பட்டியல்ல நான் விட்டே கொடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற கட்டம் இது. உங்க ஊரைச் சேர்ந்த ஒரு பெண் எழுதினது. ‘எங்க ஊர்ல யாருங்க?’னு தலையைச் சொறியாதீங்க. காரைக்கால்ல ஒவ்வொரு ஆனி மாசமும் மாங்கனித் திருவிழா நடக்குதே, அது யாருக்கு?

புனிதவதி. காரைக்கால் அம்மையார். மாம்பழக் கதை சின்னக் குழந்தைக்கும் தெரியும். கணவர் கடைக்கு வந்த ரெண்டு மாம்பழம், அடியாருக்குக் கொடுத்தது ஒண்ணு, அருளால வந்தது இன்னொண்ணு, பயந்துபோன கணவர் கப்பல் ஏறிப் பாண்டிய நாட்டுக்குப் போனது... எல்லாம் சரி. இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் சேக்கிழார். அம்மையாருக்குப் பல நூற்றாண்டு கழிச்சு, 12-ஆம் நூற்றாண்டுல பெரிய புராணத்துல எழுதினார். அது அம்மையாரைப் பத்தி இன்னொருத்தர் எழுதினது. அம்மையாரே எழுதினதை எத்தனை பேர் படிச்சிருக்கோம்?

அற்புதத் திருவந்தாதி 101 பாட்டு, திரு இரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் 22. மொத்தமே 143 பாட்டு! தினம் ரெண்டு பாட்டு உரையோட படிச்சா ரெண்டரை மாசம்கூட ஆகாது. ஒரு பாட்டோட கடைசிச் சொல்லையே அடுத்த பாட்டோட முதல் சொல்லா வெச்சுத் தொடுக்கிற அந்தாதியைத் தமிழ்ல ஒரு தனி நூலாவே முதன்முதல்ல பாடினவர்னு இவரைத்தான் இலக்கிய வரலாறு சொல்லுது. நீங்க பக்திமானா இருக்கணும்னு அவசியம் இல்லை. சுடுகாட்டை இவ்வளவு துணிச்சலா, கண்ணை மூடாம வர்ணிச்ச கவிஞர் தமிழ்ல அபூர்வம். அழகைத் துறந்து, தன்னைப் பேய்னு சொல்லிக்கிட்டு, பாட்டுக் கடைசியில அந்தப் பேரையே கையெழுத்தா போட்ட பொண்ணு! தேரையும் மாம்பழத்தையும் பார்த்துட்டு வீட்டுக்கு வந்துடறோம். அவர் எழுத்தாளர்ங்கிறது மட்டும் நமக்கு மறந்துபோச்சு. மதுரைத் திட்டத்துல பதினோராம் திருமுறை இலவசமா கிடைக்குது. செல்போன்லயே இறக்கிக்கலாம்.

மத்த கட்டங்கள்ல சிலதை வேகமா சொல்லிடறேன். ஒரு டைரி: ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லருந்து 1761 வரைக்கும் புதுச்சேரியில எழுதினது. 1739-ல காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போன காலம் அதுல அடங்கியிருக்கு. கரடுமுரடாத் தோணினா, அந்தக் குறிப்புகளை வெச்சுப் பிரபஞ்சன் எழுதின ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்கள்ல ஒண்ணு. களத்துக்குப் போய் எழுதின ஒரு புத்தகம்: ராஜம் கிருஷ்ணனோட ‘அலைவாய்க் கரையில்’ அல்லது உப்பளத் தொழிலாளர்களைப் பத்தின ‘கரிப்பு மணிகள்’. உங்க கட்சிக்காரர் இல்லாத ஒருத்தரோட சுயசரிதை (பல்லைக் கடிச்சுக்கிட்டாவது). பாதியில விட்ட ஒண்ணு. நண்பர் கையைக் காட்டற ஒண்ணு. சுயமுன்னேற்றம்... சரி, ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல கேக்கக் கூடாது!

அறிவியலுக்கு ஒரு கட்டம் கண்டிப்பா வேணும். 2004 டிசம்பர் 26. காலேஜ்ல இப்ப படிக்கிற நிறைய பேர் அப்ப பிறந்தே இருக்க மாட்டீங்க. காரைக்கால் கரையோர ஊர்கள்ல ஒவ்வொரு வீட்டுலயும் அந்த நாளைப் பத்தின பேச்சு இருக்கும். பேச்சை விட மௌனம் அதிகமா இருக்கும். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில நிலம் ஆடினா இங்கே ஏன் ரெண்டு மணி நேரம் சொச்சம் கழிச்சு அலை வந்தது, நடுக்கடல்ல இருந்த படகுக்குத் தெரியாத அலை கரையில எப்படி எழும்புச்சு... இதையெல்லாம் சொல்ற கடலியல் புத்தகம் உங்க காலேஜ் லைப்ரரியில இருக்கும். புத்தக முதுகுல ஒட்டியிருக்கிற நம்பரைப் பாருங்க. டூயி முறைல அடுக்கின லைப்ரரினா 551.46-ங்கிற ரேக்குக்குப் போங்க. கடல் அங்கேதான். மீன்பிடித் தொழில் 639.2. சமையல் 641.5. தமிழ் இலக்கியம் 894.811. இந்த நம்பர் சூட்சுமம் தெரிஞ்சா லைப்ரரியன் முறைக்கிறதுக்கு முன்னாடியே புத்தகம் உங்க கையில. ஒவ்வொரு மாசமும் வேற வேற ரேக்குங்கிறதையே ஒரு நிபந்தனையா வெச்சுக்கலாம்.

அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

வெளிநாட்டுப் பட்டியல் ஒண்ணுல ‘உங்க அம்மாவுக்குப் பிடிச்ச புத்தகம்’னு ஒரு கட்டம் பார்த்தேன். அங்கே அது சுலபம். மீன் கூடையோட விடியக்காலையில ஏலத்துக்குப் போய், மத்தியானம் வரைக்கும் தெருத் தெருவா விக்கிற அம்மாகிட்ட போய், ‘உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?’னு கேட்டா, உங்களை ஏற இறங்கப் பார்ப்பாங்க. அதனால கட்டத்தை மாத்துவோம்: அம்மாவுக்கு நீங்க வாசிச்சுக் காட்டற புத்தகம்.

கி.ராஜநாராயணனை எடுங்க. பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர், புதுவைப் பல்கலைக்கழகத்துல நாட்டுப்புறவியல் பேராசிரியரா இருந்தவர். 2021-ல மறையற வரைக்கும் புதுச்சேரிவாசி. அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு பக்கம்தான். பேச்சு மொழி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு வாசிச்சுப் பாருங்க. பாதியில, ‘இது எங்க ஆத்தா வேற மாதிரி சொல்லுமே!’னு குறுக்கிட்டா ஜாக்பாட். புத்தகத்தை மூடிட்டு அவங்க கதையைக் கேளுங்க. (சில கதைகள் ‘பெரியவங்க’ சமாச்சாரம். வாசிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கறது நல்லது. அப்புறம் என்மேல பழி போடக் கூடாது!)

நடைமுறைச் சிக்கலுக்கு வருவோம். லைப்ரரியில கேட்ட புத்தகம் இருக்காது. இருந்தா வேற யாரோ எடுத்திருப்பாங்க. தனியா இறங்கினா ரெண்டாவது மாசமே சோர்வு தட்டும். அதனால நாலு பேரா சேருங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்துச் சுத்துல விடுங்க. ஒரு காப்பியில நாலு பேருக்குக் கட்டம் நிறையும். கட்டம் ஒண்ணா இருந்தாலும் புத்தகம் ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்லை. காரைக்கால் கிளை நூலகத்துல உறுப்பினர் அட்டை போட்டு வெச்சா காலேஜ் லீவு விட்டாலும் கதவு திறந்திருக்கும்.

பிடிக்காத புத்தகத்தை என்ன பண்றது? சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்கு சொல்வார். அம்பது பக்கம் படிங்க, அதுக்கு மேலயும் ஒட்டலைன்னா குற்ற உணர்ச்சி இல்லாம மூடி வெச்சிடுங்க. வயசு அம்பதைத் தாண்டினவங்களுக்குச் சலுகை வேற: நூறிலிருந்து வயசைக் கழிச்சு வர்ற எண்ணிக்கை போதும். நமக்குச் சலுகை கிடையாது, அம்பது பக்கம் முழுசா படிக்கணும். மூடினா அதே கட்டத்துக்கு வேற புத்தகம். கட்டத்தை மட்டும் மாத்தக் கூடாது.

படிச்சதைப் போட்டோ பிடிச்சு ஸ்டேட்டஸ் வைக்கிறது உங்க இஷ்டம். ஆனா ஒரு நோட்டுல ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலு வரி எழுதி வைங்க. கதைச் சுருக்கம் வேணாம். எந்த இடத்துல கோபம் வந்தது, எந்தச் சொல் புரியலை, யாருக்கு இதைக் கொடுக்கணும்னு தோணுச்சு... அது போதும்.

பன்னிரண்டாவது கட்டம்

இப்ப சாவோ டோமேக்குத் திரும்புவோம். கடைசிக் கட்டத்தோட நிபந்தனை: உங்க ஊரைப் பத்தின ஒரு புத்தகம். காரைக்காலுக்கே தேடித்தான் பிடிக்கணும். காரைக்கால்மேடுன்னு தேடிப் போனா அரசாங்க அறிக்கையிலயும் சுனாமி ஆய்வுலயும் பட்டியலோட ஒரு வரியா, ஒரு எண்ணா ஊர் பேர் வரும். உள்ளே இருக்கிற ஆள் உட்கார்ந்து எழுதின புத்தகம் அவ்வளவு சுலபமா அகப்படாது.

அப்ப இந்தக் கட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு. படிக்க வேணாம், எழுதணும். நாற்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். பயப்படாதீங்க, இலக்கியம் பண்ணச் சொல்லலை. ஊர்ல வயசான நாலு பேர்கிட்ட உட்காருங்க. கட்டுமரம் எப்ப குறைஞ்சுது, ஃபைபர் படகு எப்ப வந்தது? ஊர்ப் பஞ்சாயத்துல முன்ன எதுக்கெல்லாம் தீர்ப்பு சொன்னாங்க? வாடை, கொண்டல், கச்சான்... இன்னும் எத்தனை காத்துக்குப் பேர் இருக்கு, எந்தக் காத்துக்கு எந்த மீன்? பிரெஞ்சுக்காரன் காலத்தைப் பத்தி அவங்க அப்பா என்ன சொன்னார்? சுனாமி அன்னிக்கு முதல்ல யார் கத்தினாங்க? சொல்றதை அவங்க பேசற மாதிரியே எழுதுங்க, ‘திருத்தி’ எழுதிடாதீங்க. ஒருத்தரால முடியலைன்னா, அந்த ஒன்பது பேர் பண்ண மாதிரி உங்க நாலு பேரும் ஆளுக்குப் பத்துப் பக்கம் பிரிச்சுக்குங்க. ஏப்ரல்ல ஆரம்பிச்ச வருஷம் அடுத்த ஏப்ரல்ல முடியறப்போ நோட்டு நிறைஞ்சிருக்கும்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி. நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் பண்ணி, காலேஜ் லைப்ரரியில கொண்டு போய்க் கொடுங்க. ‘இதை எங்கப்பா வைக்கிறது?’னு லைப்ரரியன் கேட்பார். தென்னிந்திய வரலாறு 954.8-ல இருக்கு சார், ஒரு நம்பர் போட்டு ஒட்டுங்கன்னு சொல்லுங்க.